சாவி உங்கள் கையில் இருக்கட்டும்!

சென்னையைச் சேர்ந்த ஒருவர் 2024 ஜனவரியில் சுமார் 2 லட்சம் ரூபாய் போட்டு "எக்ஸ்.ஆர்.பி." என்ற கிரிப்டோ நாணயம் வாங்கினார். அதை "வாசிர்எக்ஸ்" கம்பெனிக் கணக்கிலேயே விட்டுவைத்தார்.

அதே ஆண்டு ஜூலை 18-ந்தேதி கம்ப்யூட்டர் கொள்ளையர்கள் அந்தக் கம்பெனியில் கைவரிசை காட்டினார்கள். சுமார் 2 ஆயிரம் கோடி ரூபாய் அம்போ! இவருடைய நாணயம் களவு போகவில்லை. ஆனாலும் இவர் கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றது கம்பெனி.

அவர் ஐகோர்ட்டுப் படி ஏறினார். கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கூறினார்.

சரி, சொத்து என்று கோர்ட்டே சொல்லியாச்சு. அதைச் சொத்து மாதிரி பாதுகாக்கிறோமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து பட்டரவாக்கத்தில் ரெயில் ஏறும் இளைஞர்கள் கையில் இன்று கிரிப்டோ "வாலட்" இருக்கிறது. பலர் நினைப்பது போல அது பணம் இருக்கும் பை அல்ல, வெறும் சாவி. அந்தச் சாவியை 12 அல்லது 24 இங்கிலீஷ் வார்த்தைகளாக வாலட் நமக்குக் கொடுக்கிறது. வரிசை மாறாமல் அவை இருந்தால், கூட்டத்தில் போன் திருடு போனாலும் புதுப் போனில் பணத்தை மீட்கலாம். போனும் போய் வார்த்தையும் போனால் பணம் போச்சு! மாற்றுச் சாவி கொடுக்க இங்கே பாங்கி மானேஜர் கிடையாது.

வேல்ஸ் நாட்டு ஜேம்ஸ் ஹோவெல்ஸ் கதை தெரியுமா? சுமார் 8 ஆயிரம் பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பையோடு போய்விட்டது. கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் அதுவும் தள்ளுபடி!

ஆகவே வார்த்தைகளைக் கைப்பட எழுதி வையுங்கள். போனில் போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்கும் கொண்டு போகாதீர்கள். இரண்டு பிரதி, இரண்டு இடம். 2015 வெள்ளமும் 2023 மிச்சாங் புயலும் நம் பக்கத்து வீடுகளில் பீரோவரை தண்ணீர் விட்டதை மறக்க முடியுமா? காகிதம் ஊறிவிடும். சின்ன ஸ்டீல் தகட்டில் எழுத்துப் பஞ்ச் வைத்து நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் கொடுக்க வேண்டாம்.

பெரிய தொகை என்றால், பென்-டிரைவ் போன்ற "ஹார்டுவேர் வாலட்" உண்டு. சாவி அதற்குள்ளேயே இருக்கும், இண்டர்நெட்டுக்கு வராது. பழசு வாங்காதீர்கள். பெட்டியிலேயே வார்த்தைகள் எழுதி வந்தால் அது மோசடி. முதலில் சிறு தொகையைப் போட்டு, அழித்து, மீட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். நாளைக்கு நமக்கு ஒன்று ஆகிவிட்டால், பெண்டாட்டி பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

கிரிப்டோ லாபத்தில் 2022 முதல் 30 சதவீதம் வரி வாங்குகிறது மத்திய அரசு. வரி வாங்கும் கைக்கு எச்சரிக்கை சொல்லும் வாயும் வேண்டாமா? ஆவடி கமிஷனர் எல்லையிலுள்ள போலீஸ் நிலையங்களிலும் ரெயில் நிலையங்களிலும் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் என்ன செலவாகும்?

போலீஸ், பாங்கி, கம்பெனி என்று யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அந்த வார்த்தைகளைச் சொல்லாதீர்கள். கேட்கிறவன் திருடன்! ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் போடுங்கள்.

கிரிப்டோ வாங்குவதும் வாங்காததும் அவரவர் இஷ்டம். வாங்கினால், சாவியை ஊரான் கையில் கொடுத்துவிட்டுத் தூங்காதீர்கள்!