கேட் பாஸ், டோஸ், சாதி

அணுமின் நிலையம் என்று பேச்செடுத்தால் இரண்டு தரப்புதான் பேசுகிறது. ஒரு தரப்பு மெகாவாட் கணக்குச் சொல்கிறது. இன்னொரு தரப்பு கடலையும் மீனையும் விபத்தையும் பற்றிப் பேசுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. நாங்களும் அந்தப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் உலையை நிறுத்திப் பராமரிப்பு நடக்கும்போது உள்ளே போய்த் தரையைத் துடைப்பவர் யார்? கசிந்த கனநீரை ஒற்றி எடுப்பவர், பாதுகாப்பு உடைகளைத் துவைப்பவர், கழிவுப் பைகளைச் சுமப்பவர் யார்? இரண்டு தரப்பும் இதைக் கேட்பதில்லை. நாங்கள் கேட்கிறோம். அந்த வேலைக்கு ஆள் தேடி மேஸ்திரி வருவது எங்கள் தெருவுக்குத்தான்.

முதலில் கேட்டிலிருந்து தொடங்குவோம். அணு உலை வளாகத்துக்குள் கண்டவரும் போகக் கூடாது. காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அந்தச் சரிபார்ப்பு எதைப் பார்க்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அது பார்ப்பது காவல் நிலையத்து ஏட்டை. கிராமத்துக் காவல் நிலையத்தில் எங்கள் பெயர் எப்படி ஏறுகிறது என்று சேரியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நாம் புகார் கொடுத்தால், அன்று இரவே ஊர்த்தெருவிலிருந்து நம்மீது ஓர் எதிர்ப் புகார் வரும். அதற்கான பிரிவுகள் தயாராக இருக்கும். அடிபட்டவரும் குற்றவாளி ஆகிவிடுவார். பிறகு சமாதானம் பேச வருவார்கள்: நீ அதை வாபஸ் வாங்கு, நாங்கள் இதை வாங்குகிறோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி ஐ.டி.ஐ. ஃபிட்டர். சுடுகாட்டுப் பாதைத் தகராறில் புகார் கொடுத்த குடும்பம். சமாதானத்துக்கு வர மறுத்தார்கள்; அதனால் எதிர் வழக்கும் நிலுவையில் நின்றது. ஓர் அணுமின் நிலைய ஒப்பந்த வேலைக்குப் பெயர் கொடுத்தபோது பாஸ் வரவில்லை. காரணத்தை மேஸ்திரி வாயால் சொன்னார்: "உன் மேல கேஸ் இருக்குதாமே." எழுத்தில் ஒரு வரி கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. அந்தத் தம்பி உரிமையைக் கேட்டதற்கான தண்டனையை நீதிமன்றம் இன்னும் கொடுக்கவில்லை, கேட் கொடுத்துவிட்டது.

கூடங்குளத்தில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். 2011, 2012இல் போராடிய ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோகம் வரை வழக்குகள் போடப்பட்டன. 2013 மே மாதத் தீர்ப்பில் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே அந்தக் குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அலைந்தவர்கள் எத்தனை பேர்?

இத்தனை சல்லடைக்குப் பிறகாவது உள்ளே பாதுகாப்பு உறுதியா? 2009 நவம்பரில் கைகா நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிடியம் கலந்த கனநீர் சேர்க்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உடலில் அது ஏறியது. உள்ளே வேலை செய்யும் ஒருவரே செய்திருக்க வேண்டும் என்றுதான் அதிகாரிகளே சந்தேகித்தார்கள். சேரிப் பையனின் எஃப்.ஐ.ஆரைத் தேடிப் பிடித்த சல்லடையில் அந்த ஆள் சிக்கவில்லை.

சரி, பாஸ் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கணக்கு வேறு. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு 5 ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி ஆண்டிலும் 30க்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. நெஞ்சில் மாட்டும் டி.எல்.டி. பேட்ஜ் இதை அளக்கிறது. வரம்பு நல்லதுதான். ஆனால் அது ஒரு ஆளுக்கான வரம்பு. ஒரு வேலைக்கு எத்தனை ஆள் என்பதற்கு வரம்பு இல்லை. வரம்பை நெருங்கிய நிரந்தர ஊழியருக்கு வேறு பிரிவில் நாற்காலி கிடைக்கும், சம்பளம் நிற்காது. ஒப்பந்தத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம். ஏட்டில் யாரும் வரம்பைத் தாண்டவில்லை. மொத்தக் கதிர்வீச்சும் எங்கள் தெருவுக்குள் பங்கு பிரிக்கப்பட்டுவிட்டது.

பேட்ஜ் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பவும் முடியாது. கல்பாக்கத்தில் இருப்பது போன்ற கனநீர் உலைகளில் டிரிடியம் உண்டாகிறது. மூச்சிலும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் அதன் பீட்டா கதிர் பேட்ஜில் பதியாது. சிறுநீரைச் சோதித்தால்தான் தெரியும். கைகாவில் தெரிந்ததும் அப்படித்தான். 2012 ஜூனில் ராவத்பாட்டாவில் 38 தொழிலாளர்களுக்கு ஏறியதும் இதே டிரிடியம்தான். மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பும் கூலியாளிடம், "உன் சிறுநீரில் இவ்வளவு இருந்தது, இந்தா காகிதம்" என்று யாராவது கையில் கொடுத்தார்களா?

2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு பேர் வரம்பைப் பல மடங்கு தாண்டிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். நிர்வாகம் அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள ஆகஸ்ட் வரை ஆனது. ஊழியர் சங்கம் இருந்ததால் அது வெளியே வந்தது. சங்கமே இல்லாத, மேஸ்திரி மாறினால் ஊரும் மாறுகிற தொழிலாளிக்கு நடந்தால்? கட்டிப் புற்றுநோய் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். அப்போது ஒப்பந்தக்காரரின் பெயர்ப்பலகைகூட இருக்காது. 2004 கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் டோஸ் பதிவையும் மருத்துவக் கண்காணிப்பையும் வேலை தருபவரின் பொறுப்பு என்றன. வேலை தருபவர் யார் என்பதை மறைக்கத்தானே ஒப்பந்த முறையே!

ஜப்பானைப் பாருங்கள். அங்கே சன்யா, கமகசாகி நாள்கூலிச் சந்தைகளிலிருந்து ஆள் பிடித்து உலைக்கு அனுப்பிய வரலாறு நீண்டது. ஊர் ஊராக உலை மாறிய அவர்களை 'அணு உலை நாடோடிகள்' என்றே அழைத்தார்கள். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளும்படி ஒரு துணை ஒப்பந்ததாரர் தொழிலாளர்களிடம் சொன்னது 2012இல் அம்பலமானது. கருவி பொய் சொல்லவில்லை. கருவியைப் பொய் சொல்ல வைத்தார்கள்.

"கதிரியக்கம் சாதி பார்க்குமா?" என்று சிரிப்பார்கள். மலக்குழி விஷவாயுவும் சாதி பார்ப்பதில்லைதான். குழியில் யாரை இறக்குவது என்று முடிவு செய்பவர் பார்க்கிறார். நிரந்தர வேலையில் இடஒதுக்கீடு உண்டு. அந்த வேலையை ஒப்பந்தமாக மாற்றினால் இடஒதுக்கீடு போய்விடும், ஆபத்து மட்டும் எங்களுக்கு ஒதுக்கப்படும். சம்பளத்தில் இல்லாத ஒதுக்கீடு டோஸில் இருக்கிறது.

"அப்படியென்றால் வேலையே வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். நிலமில்லாத தெருவுக்கு வேலை வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அண்ணல் அம்பேத்கரின் கையில்தான் மின்சாரக் கொள்கையும் இருந்தது. எட்டு மணி நேர வேலையையும் மின் உற்பத்தியையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியவர் அவர். அவர் சேர்த்து வைத்ததைப் பிரித்து, மின்சாரத்தைத் தேசத்துக்கும் கதிர்வீச்சைச் சேரிக்கும் கொடுக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் நேரானவை. பாஸ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு; மேல்முறையீட்டுக்கு வழி வை. வன்கொடுமைப் புகாருக்கு எதிராகப் போடப்பட்ட வழக்கைத் தடையாகக் கருதாதே. வேலை முடிந்து போகும் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் கையிலும் தமிழில் எழுதிய டோஸ் அட்டையும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவும் கொடு. ஒப்பந்தக்காரர் மாறினாலும் ஆயுள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்புக்கு நிலையமே பொறுப்பேற்கட்டும். எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்தவர், எவ்வளவு டோஸ் வாங்கினார்கள் என்ற கணக்கைப் பெயரில்லாமல் வெளியிடு.

தேசப் பாதுகாப்பு என்று சொல்லி இந்தக் கணக்கை மறைக்க வேண்டாம். எங்கள் உடம்பில் ஏறியது எவ்வளவு என்பது ராணுவ ரகசியம் ஆகாது. நீங்கள் எங்களைச் சரிபார்த்தது போதும். இனி உங்கள் ஏட்டை நாங்கள் சரிபார்க்க வேண்டும்.

ஜெய்பீம்!