வேலைக்குச் சேர்ந்து 4 மாதம்... வீட்டுக்கடன் கிடைக்குமா?

‘‘என் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் 3 வருஷம் வேலை பார்த்தான். 4 மாதத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான். கைக்கு வரும் சம்பளம் 30,000 ரூபாய். தை மாதம் கல்யாணம். ஊரில் என் பெயரில் உள்ள மனையில் வீடு கட்ட, அவன் 15 லட்சம் ரூபாய் கடன் கேட்டால், ‘வேலை புதுசு’ என்று வங்கியில் யோசிக்கிறார்கள். 2 ஏக்கர் நஞ்சையை அடமானம் வைத்துக் கட்டிவிடலாமா?’’

- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

வேலை புதிது என்பதற்காக மட்டும் வீட்டுக்கடன் கைவிட்டுப் போவதில்லை. சம்பளம் இடைவெளி இல்லாமல் வருகிறதா என்பதைத்தான் வங்கி முக்கியமாகப் பார்க்கும். பழைய கம்பெனியின் பணி அனுபவச் சான்று, படிவம் 16, புதிய கம்பெனியின் சம்பளச் சீட்டுகள், 6 மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், 3 வருட அனுபவமும் கணக்கில் வரும். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். அந்தக் காலம் முடிந்து, பணி நிரந்தரக் கடிதம் வந்ததும் விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்தது, தவணை. 9 சதவிகித வட்டியில் 15 லட்சம் ரூபாயை 20 வருடத்தில் கட்டுவதாக இருந்தால், மாதம் சுமார் 13,500 ரூபாய் வரும். எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது வங்கிகளின் பொதுவான கணக்கு. பைக், செல்போன் தவணைகள் இருந்தால், முதலில் அவற்றை முடித்துவிட வேண்டும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனில் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவிகிதம்தான் கிடைக்கும். மீதி கைப்பணம். கடன் தொகையும் மொத்தமாக வராது. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று வேலை நடக்க நடக்கத்தான் விடுவிப்பார்கள்.

மனை தந்தை பெயரில் இருப்பதால், அவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்வார்கள். அப்போது அவருடைய கடன் வரலாறும் பார்க்கப்படும். வங்கியில் வாங்கிய பயிர்க்கடனை, ‘ஒரு பகுதி கட்டினால் போதும்’ என்று பேசி முடித்திருந்தால், அது முழுமையாக அடைத்த கடனாகப் பதிவாகாது. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தந்தை, மகன் இருவருடைய அறிக்கைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றையும் இப்போதே தயார் செய்யலாம்.

வீட்டுக்கடனுக்கு, அந்த மனையும் கட்டும் வீடும்தான் அடமானம். நஞ்சையைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. நஞ்சையைத் தனியாரிடம் வைத்துப் பணம் வாங்கினால், அதிக வட்டியை விளைச்சலிலிருந்துதான் கட்ட வேண்டும். ஒரு போகம் பொய்த்தாலும் நிலம் கைமாறும் ஆபத்து உண்டு. கல்யாணத்தைப் பழைய வீட்டிலேயே நடத்தலாம். புது வீடு சில மாதம் தள்ளிப்போனால் நஷ்டமில்லை. நிலம் போனால் திரும்ப வாங்குவது எளிதல்ல.