குளத்துக்குக் காவல் உண்டு, காட்டுக்கு?

கொங்கு நாட்டில் 'காடு' என்றால் வனம் அல்ல. சோளமும் கொள்ளும் விதைத்து, அறுப்பு முடிந்ததும் ஆடு மாடு மேய விடும் மானாவாரி நிலம் அது. பாசனம் இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. திருப்பூரைச் சுற்றி இந்தக் காடுகள் 'சைட்' ஆகும் விதம் எல்லோருக்கும் தெரியும். முதலில் கிளுவை வேலி போகும். அடுத்து வெள்வேல மரங்கள். பொக்லைன் வந்து மேடு பள்ளத்தை நிரவும். பிறகு வரிசையாகக் கல் நடுவார்கள். அந்த வேலியை அண்டிக் கிடந்த கௌதாரிக்கும் கீரிக்கும், வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவிக்கும் எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. வருவாய்த் துறைக்கு அது வெறும் புன்செய்.

நஞ்சராயன் குளத்தின் கதையை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஊத்துக்குளி வட்டத்தில் சர்க்கார் பெரியபாளையம், கூலிபாளையம் பகுதியில் 125.865 ஹெக்டேரில் கிடக்கிறது இந்தக் குளம். பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற மன்னர் சீரமைத்ததால் வந்த பெயர் என்கிறார்கள். பாசனக் குளமாக இருந்தது, நகரம் வளர வளரக் கழிவு வந்து சேரும் இடமானது. ஆனால் பறவைகள் அதைக் கைவிடவில்லை. நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, கூழைக்கடா, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து. திருப்பூர் இயற்கைக் கழகத்தாரும் மற்ற பறவை ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் கரையில் நின்று இவற்றை எண்ணி எழுதி வைத்தார்கள். 191 பறவையினங்கள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள் என்று அந்தக் கணக்கு விரிந்தது. 2022ல் தமிழகத்தின் 17வது பறவைகள் சரணாலயமாகக் குளம் அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலியோடு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கோஷத்தைவிடக் குறிப்பேடு வலுவான ஆயுதம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் மாவட்டத்தில் இல்லை.

அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் எல்லை குளக்கரையோடு முடிந்துவிடுகிறது. பறவையின் நாள் அங்கே முடிவதில்லை. குளத்து மரத்தில் அடையும் அரிவாள் மூக்கனும் உண்ணிக்கொக்கும் இரை தேடிப் போவது சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் காடுகளுக்கும். குளத்துக்கு நீர் தருவது நல்லாறு. அவிநாசி, திருமுருகன்பூண்டி என்று ஊர்களைத் தொட்டு வரும் அந்த ஆற்றின் இரு பக்கமும், அதில் வந்து விழும் ஓடைகளின் ஓரமும் நாளைக்கு மனைகளாகிவிட்டால் சரணாலயத்துக்குள் வருவது சாக்கடை மட்டும்தான்.

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது 1 கி.மீ. சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது என்று 2023 ஏப்ரலில் அந்த உத்தரவைத் தளர்த்தியது. அந்தத் தளர்வை மனை போடுகிறவர்கள் தமக்குக் கிடைத்த சலுகையாகப் பார்க்கலாம். குளத்தை நேசிக்கிறவர்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்த முடியும். குளம் என்பது மலைக்காடு அல்ல, அதைச் சுற்றிக் காம்பஸ் வைத்து வட்டம் போடுவதில் பொருளில்லை. மண்டலம் நீர் வரும் வழியே நீள வேண்டும்: கரையோரம் சில நூறு மீட்டர் அகலம் போதும், ஆற்றோரம் பல கிலோமீட்டர் நீளம் வேண்டும்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னையின் பள்ளிக்கரணை காட்டுகிறது. 2022லேயே ராம்சர் தகுதி பெற்ற சதுப்பு நிலம் அது. ஆனால் அதன் தாக்க மண்டலம் எதுவரை என்று வரையறுக்கப்படாமலே இருந்தது. 2025ல் அடுக்குமாடிக் குடியிருப்பு அனுமதிகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வழக்காகி நின்றன. கட்டியவரும் பணம் கட்டியவரும் சதுப்பும் ஒருசேரத் தவிக்கும் நிலை.

திருப்பூருக்கு இந்தப் பாடம் சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயநீர்த் தேக்கமானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையிழந்து நின்றது தொழிலாளிதான். அதே ஆண்டு நவம்பரில் கொட்டிய மழையில் ஜம்மனை ஓடையும் சங்கிலிப் பள்ளமும் பெருகி, கரையோரக் குடிசைகளை அடித்துச் சென்றன, பல உயிர்கள் போயின. ஓடையில் வீடு கட்ட யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. வேறு இடத்துக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள் போனார்கள்.

அதனால் இதைப் பறவையா மனிதனா என்ற சண்டையாக்குவதை நான் ஏற்க மாட்டேன். ஆண்டுக்குச் சுமார் 45,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், லைன் வீட்டில் பத்தடி அறைக்குள் ஐந்து பேர் படுத்து எழுகிறார்கள். ஓவர்லாக் மெஷினில் இருபது ஆண்டு உட்கார்ந்து சேர்த்த காசில் இரண்டு சென்ட் வாங்குகிறவரைக் குற்றவாளியாக்கிப் பேசும் எந்த இயக்கமும் இங்கே வேரூன்றாது. அவருக்கு வீடு வேண்டும். சாக்கடைக் குழாயும் குடிநீரும் பேருந்தும் ஏற்கெனவே இருக்கும் நகருக்குள் வாடகைக் குடியிருப்புகளை மேல்நோக்கிக் கட்டுவதுதான் அவருக்கும் வசதி, குளத்துக்கும் நல்லது. கம்பெனிக்குப் போக இருபது கிலோமீட்டர் பைக் ஓட்ட வேண்டிய பொட்டலில் சைட் விற்பது வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வாகாது.

உடனே செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைப் பொது இடமாக ஒதுக்கும் விதி ஏற்கெனவே உண்டு. பெரும்பாலும் விற்க முடியாத மூலை ஒன்று அதற்கென்று விடப்படுகிறது, பிறகு முள் மண்டிக் கிடக்கிறது. நல்லாற்றுப் படுகையில் போடும் ஒவ்வொரு மனைப்பிரிவிலும் அந்த இடம் ஓடையை ஒட்டியே இருக்க வேண்டும், பழைய கிளுவை வேலியும் வேலமரங்களும் அங்கே அப்படியே நிற்க வேண்டும் என்று மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) நிபந்தனை போடட்டும். பத்து மனைப்பிரிவுகளின் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தால், கௌதாரி நடந்து குளம்வரை வர ஒரு பாதை கிடைத்துவிடும்.