அதிகாரம் இல்லாத நாற்காலி

அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரின் அதிகாரங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ஆசிரியர்களை நியமிப்பது வேறு யாரோ. இடமாற்றம் செய்வதும் வேறு யாரோ. பதவி உயர்வு அவர் கையில் இல்லை. மாய்ந்து மாய்ந்து உழைப்பவருக்கும் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவருக்கும் மாதக் கடைசியில் ஒரே சம்பளம். ஆனால் நாலாம் வகுப்புப் பையனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால் வட்டாரக் கல்வி அதிகாரி முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

அந்த நாற்காலிகூட இல்லாத பள்ளிகள் பல மாநிலங்களில் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் தொடக்கப் பள்ளிக்குத் தனியாக ஒரு தலைமை ஆசிரியர் கட்டாயம். 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். அவர்களில் மூத்தவர் 'பொறுப்பு'. பாடம் நடத்துவது, மதிய உணவுக் கணக்கு, அதிகாரிகளுக்குப் பதில் எல்லாம் அவர் தலையில். பீகார் அரசு 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்காக 40,000க்கும் மேற்பட்ட தலைமை ஆசிரியர்களைத் தேர்வு வைத்து எடுக்க விளம்பரம் செய்தது. அத்தனை பள்ளிகள் அதுவரை எப்படி ஓடின என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவர் சக ஆசிரியர்களை எப்படி வேலை செய்ய வைப்பது? நிர்வாகவியல் புத்தகங்கள் உதவாது. அவை போனஸ் கொடுக்கவும் சீட்டைக் கிழிக்கவும் முடிந்த மேலாளர்களுக்காக எழுதப்பட்டவை. தலைமை ஆசிரியரிடம் இருப்பது இரண்டே சரக்கு: சகாக்களின் நேரம், அவர்கள் வேலையின் மீது அவர் செலுத்தும் கவனம்.

நேரத்தில் தொடங்கலாம். ஆசிரியர் கூட்டம் என்றால் பல பள்ளிகளில் சுற்றறிக்கை வாசிப்பு. தலைமை ஆசிரியர் படிப்பார், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். மிச்சமாகும் நாற்பது நிமிடத்தை, வாரம் ஒருநாள், குழந்தைகள் வீட்டுக்குப் போனபின் வேறு விதமாகச் செலவிடலாம். மூன்றாம் வகுப்பு ஆசிரியை நாலைந்து கணக்கு நோட்டுகளைக் கொண்டுவரட்டும். 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருக்கும் ஒரு குழந்தை. பார்த்தவுடன் 'கவனக்குறைவு' என்று தோன்றும். அடுத்த நோட்டிலும் அதே 26 என்றால்? எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று குழந்தை தனக்குத்தானே ஒரு விதி செய்துகொண்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பில் 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது' என்று சொன்னதன் விளைவு அது என்பது, அந்த வகுப்பு ஆசிரியருக்கு யாரும் சொல்லாமலே உறைக்கும். மேஜைமீது கிடப்பது நோட்டு. விசாரணைக்கு வந்திருப்பது ஆசிரியர் அல்ல. இருபது வருடம் பாடம் நடத்தி அலுத்துப்போனவர்கூட இந்தப் பேச்சில் வாய் திறப்பார். காரணம் எளிது: அவருக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்கிறார்.

நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். சட்டப்படி ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை, பாடத் தயாரிப்பு உட்பட. தயாரிப்புக்கான மணிகளைப் பதிவேடுகள் தின்றுவிடுகின்றன: சீருடை, உதவித்தொகை, ஆதார், யுடைஸ் பிளஸ். ஒரே தகவலை மூன்று இடத்தில் எழுதுவதை எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பது தலைமை ஆசிரியரின் வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு. அதைக் காட்டி ஒருமுறையாவது 'எங்கள் ஆசிரியரை அனுப்ப இயலாது' என்று அவர் எழுத்தில் பதில் போடட்டும். மேலிடம் கேட்கிறதோ இல்லையோ, சகாக்கள் மறக்கமாட்டார்கள்.

அடுத்தது கவனம். வகுப்புக்குள் தலைமை ஆசிரியர் நுழைந்தாலே பாடம் நடத்துபவரின் குரல் மாறிவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்து இன்ஸ்பெக்டரின் நிழல் இன்னும் போகவில்லை. முதலில் தன் வகுப்புக்கு மற்றவர்களைக் கூப்பிடுவது நல்லது. அந்த வகுப்பு ஒன்றாம் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்தாம் வகுப்பைத் தானே வைத்துக்கொண்டு, அழுகிற குழந்தைகளைப் புதிதாக வந்த ஆசிரியையிடம் தள்ளிவிடும் தலைமை ஆசிரியர் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? பிறகு அவர் மற்ற வகுப்புகளுக்குப் போகலாம். கையில் நோட்டுப் புத்தகம் வேண்டாம். குழந்தைகளோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். வெளியே வந்து 'நன்றாக இருந்தது' என்பதில் சத்தில்லை. 'ஜன்னலோரம் உட்காரும் அந்தப் பெண் இன்று இரண்டு வரி படித்தாளே, என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் அந்த ஆசிரியர் அன்று மாலை வீட்டில்போய் அதைச் சொல்வார்.

தாமதமாக வருபவர் விவகாரம்தான் கடினமானது. ஒருவர் வராவிட்டால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் அடைக்க வேண்டும்; சுமை இன்னொருவருக்கு. கண்டும் காணாமல் இருப்பதைத் தலைமை ஆசிரியர் பெருந்தன்மை என்று நினைக்கக்கூடும். மற்றவர்கள் அதை அநியாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். பேச வேண்டியதை அன்றைக்கே, தனியாகப் பேசிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அல்ல, குழந்தைகள் முன்னாலும் அல்ல. முதலில் காரணம் கேட்க வேண்டும். ஊருக்கு ஒரே பஸ்தான், அது ஒன்பதரைக்குத்தான் வருகிறது என்றால் முதல் பாடவேளையை மாற்றித் தரலாம். காரணமே இல்லை என்றால் வருகைப் பதிவேட்டில் கோடு போடத்தான் வேண்டும். அவர் சங்கப் பொறுப்பில் இருப்பவர் என்றால் பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பணம் இன்னொரு விரிசல். சமக்ர சிக்ஷா திட்டத்தில் 101 முதல் 250 குழந்தைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் மானியம் என்பது வரையறை. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று சக ஆசிரியர்களுக்கே தெரியாத பள்ளிகளில் கிசுகிசுவுக்குப் பஞ்சமிருக்காது. கணக்கை மேஜைமீது வைத்துவிட்டு, உங்கள் வகுப்புக்கு என்ன வாங்கலாம் என்று ஒவ்வொருவரையும் கேட்டால் பாதிப் புகைச்சல் அடங்கும்.

இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி என்ன செய்யும்? அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு வளாகமாகப் பார்க்கச் சொன்னது 1964-66 கோத்தாரி கமிஷன். 2020 தேசியக் கல்விக் கொள்கை அந்த யோசனையைத் தூசு தட்டி எடுத்திருக்கிறது. ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்றும் சொல்கிறது. அந்த மணிகளில் சிலவற்றை நான்கு பள்ளிகள் ஒன்றுகூடி நோட்டுகளைப் பார்ப்பதற்கு ஒதுக்கினால் பவர்பாயின்ட் பார்ப்பதைவிட லாபம்.

பணிமூப்புப்படி பதவி உயர்வு வருவதால் பலர் ஓய்வுபெற இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதுதான் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள். வந்த வேகத்தில் போயும் விடுகிறார்கள். வாரக் கூட்டத்தைத் தானே நடத்தாமல், ஆசிரியர்களை முறைவைத்து நடத்தச் சொல்வது அதனால்தான் அவசியமாகிறது. பிரிவுபசார விழாவுக்கு அடுத்த வாரமும் யாராவது ஒருவர் நாலு நோட்டுகளை எடுத்துக்கொண்டு வர வேண்டுமே.