காக்கிக்கு ஒரு காது

ஆங்கிலத்தில் 'சேப்ளின்' என்று ஒரு பதவி உண்டு. தமிழில் எழுதினால் தொப்பியும் கைத்தடியுமாக வேறொருவர் நினைவுக்கு வருகிறார். 'பாதிரியார்' என்றும் பெயர்க்க முடியாது. நியூயார்க் போலீஸில் யூத ரபியும் இமாமும்கூட இந்தப் பதவியில் இருக்கிறார்கள். கான்ஸ்டபிள் இறந்தால் வீட்டுக்குச் சேதி சொல்ல அதிகாரியுடன் போவது, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்காருவது, குடி, கடன், குடும்பச் சண்டை என்று வருபவர் சொல்வதைக் கேட்பது ஆகியவை இவர்கள் வேலை.

நம் ராணுவத்தில் பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார், பௌத்த பிட்சு என்று ஐந்து வகை குருமார்கள் நாயப் சுபேதார் அந்தஸ்தில் சேர்க்கப்படுகிறார்கள். பூஜை, தொழுகையோடு நோயாளியைப் பார்ப்பதும் தண்டனை அனுபவிக்கும் சிப்பாயைச் சந்திப்பதும் அவர்கள் கடமை. கொல்கத்தாவில் ராணுவத்தின் கிழக்குத் தலைமையகம் வில்லியம் கோட்டை. இப்போது விஜய் துர்க். அங்கிருந்து போலீஸ் தலைமையகமான லால்பஜார் சில கிலோமீட்டர்தான். லால்பஜாரில் இப்படியொரு பதவி கிடையாது.

2022 ஜூன் 10 அன்று பார்க் சர்க்கஸில், வங்கதேசத் துணைத் தூதரகம் அருகே காவலில் இருந்த கொல்கத்தா ஆயுதப்படை கான்ஸ்டபிள் திடீரென்று சுட ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் இறந்தார். கான்ஸ்டபிள் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். ஆகஸ்ட் 6 அன்று இந்திய அருங்காட்சியகத்தில், மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைக்காரர் சுட்டதில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பலியானார்.

குரு இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? சொல்ல முடியாது. குருமார்கள் உள்ள ராணுவத்திலும் இந்தச் சாவுகள் நடக்கின்றன. ஆனால் அந்த கான்ஸ்டபிள் யாரிடம் போய்ப் பேசியிருப்பார்? 'மனசு சரியில்லை' என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் துப்பாக்கி போகும், சர்வீஸ் புத்தகத்தில் ஏதாவது ஏறும் என்ற பயம் யாருக்குத்தான் இருக்காது?

மதத்தை போலீஸுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே என் கட்சி. கலவரத்தில் இரு தரப்புக்கும் நடுவே நிற்க வேண்டிய படை அது. தமிழக போலீஸ் 2018ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் துணையோடு 'நிறைவாழ்வு' பயிற்சியைத் தொடங்கியது. 2021ல் காவலர்களுக்கு வார விடுமுறைக்கு அரசு உத்தரவும் வந்தது. இரண்டும் நல்லவை. ஆனால் பயிற்சி என்பது வகுப்பு. சேப்ளினிடம் பிடித்த விஷயம் வேறு: அவர் யாருக்கும் ரிப்போர்ட் எழுதுவதில்லை, பதவி உயர்வு அவர் கையில் இல்லை.

துர்கா பூஜை இரவுகளில் நகரமே தெருவில் இருக்கும். போலீஸுக்கு லீவு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு, பந்தல் ஓரத்தில் கால் மாற்றி நிற்பவரிடம் டீயோடு போய் 'கீ கபர்?' என்று கேட்க, துறைக்கு வெளியிலிருந்து ஒருவரை லால்பஜார் நியமிக்கலாமே.