சபுராளியின் சம்பாத்தியம் யார் பெயரில்?



கடல் கடந்து சென்று பொருளீட்டுவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. இரங்கூனுக்கும் சைகோனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய பாட்டன்மார்களின் பேரர்கள் இன்று ஜித்தாவுக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் விமானம் ஏறுகின்றனர். ஊர் மாறியது, ஊர்தி மாறியது, பிரிவின் துயரமும் வியர்வையின் உப்பும் மாறவில்லை. அந்த வியர்வையின் விலையாக வரும் பணம் தாயகத்தில் யார் பெயரில் சேர்கிறது என்பதே இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜமாஅத்தில் பஞ்சாயத்துக்காக என்னை அழைத்திருந்தனர். சவூதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாகனம் ஓட்டிய ஒருவர், தம் பெயரில் தாயகத்தில் கணக்குத் தொடங்காமல், மாதந்தோறும் தம்பியின் கணக்கிற்கே பணம் அனுப்பி வந்தார். ‘எல்லாம் ஒரே வீட்டுக் காசுதானே’ என்று உம்மா சொன்ன சொல்லே அவருக்குப் போதுமானதாயிருந்தது. தம்பியும் நல்லவர், அண்ணனின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே பார்த்துக்கொண்டவர். ஒரு நாள் அதிகாலையில் மாரடைப்பால் அவர் மௌத்தாகிவிட்டார்.

அண்ணன் ஊர் வந்து தம் பணத்தைக் கேட்டார். தம்பியின் மனைவியோ, ‘இது என் கணவரின் உழைப்பு என்றுதான் நான் அறிவேன்; என் யத்தீம் பிள்ளைகளின் பாகத்தை நான் எப்படி விட்டுக் கொடுப்பேன்?’ என்றார். சபையில் அமர்ந்திருந்த எங்களில் ஒருவராலும் இருவரில் எவரையும் பொய்யர் என்று சொல்ல இயலவில்லை. பணம் அனுப்பிய சில ரசீதுகளை அண்ணன் காட்டினார். அவை பணம் அனுப்பப்பட்டதற்குச் சான்றாகுமேயன்றி, எந்த எண்ணத்தில் அனுப்பப்பட்டது என்பதற்குச் சான்றாகா. முடிவில் சமரசம் செய்து ஒரு சிறு தொகையை வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அன்று முறிந்த உறவு இன்றுவரை ஒட்டவில்லை. இரு வீட்டுக்கும் நடுவில் அந்த முதிய தாய் அழுதுகொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

சகோதரர்களே! இதில் கெட்டவர் யார்? ஒருவருமில்லை. கெட்டது ஒன்றுதான்: பணத்தின் நிலை சொல்லப்படவுமில்லை, எழுதப்படவுமில்லை.

ஷரீஅத்தின் பார்வையில் ஒருவர் மற்றவரிடம் பணத்தை ஒப்படைத்தால் அது அன்பளிப்பாக, அதாவது ஹிபாவாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், அமானிதமாகவும் இருக்கலாம். அன்பளிப்பானால் கொடுத்தவருக்கு அதில் உரிமை முடிந்துவிடுகிறது. கடனானால் திருப்பித் தரும் பொறுப்பு வாங்கியவரைச் சேரும். அமானிதமானால், அவருடைய கவனக்குறைவின்றித் தொலைந்துபோனால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. பெயர் ஒன்றைச் சொல்லாமல் இருபது ஆண்டுகள் அனுப்பிய பணத்தை இம்மூன்றில் எதில் சேர்ப்பது?

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மக்கள் தம் பணத்தைப் பாதுகாப்பிற்காக அவர்களிடம் கொண்டுவருவார்கள். அவர்களோ அதனை அமானிதமாக ஏற்காமல், தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தால், தம்மீது கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். ஹிஜ்ரி 36ஆம் ஆண்டு ஜமல் போரின்போது அவர்கள் ஷஹீதானார்கள். அன்று அவர்கள் மீதிருந்த கடன் 22 இலட்சம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் சொத்தை விற்றுக் கடனை அடைத்த பின்னரும், வாரிசுகளுக்குப் பாகம் பிரிக்க உடனே இணங்கவில்லை. ‘தந்தையிடம் எவருக்கேனும் கடன் வரவேண்டியிருந்தால் வந்து பெற்றுக்கொள்ளட்டும்’ என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பிறகே பாகம் பிரித்தார்கள். கைக்கு வந்த பணத்தின் பெயரை முதலிலேயே தீர்மானித்த தந்தை. அதன் பொறுப்பை இறுதிவரை நிறைவேற்றிய மகன்! நம் வீடுகளில் இந்த முன்மாதிரி எங்கே?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சி வைக்குமாறும் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்றும் அவ்வசனம் அறிவுறுத்துகிறது. எழுதுவது அவநம்பிக்கை என்றிருந்தால் அல்லாஹ் அதனை நமக்குக் கட்டளையிட்டிருப்பானா?

எனவே, வெளிநாட்டில் உழைக்கும் ஒவ்வொரு சகோதரரும் தம் பெயரிலேயே தாயகத்தில் வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உம்மாவுக்கும் மனைவிக்கும் தம்பிக்கும் கொடுக்க வேண்டியதை, ‘இது உங்களுக்கு’ என்று சொல்லித் தனியே கொடுங்கள். சேமிப்பு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இதற்கு நம் நாட்டின் சட்டமும் வழிசெய்திருக்கிறது. வெளிநாட்டு வருமானத்தைப் போட்டு வைக்க என்.ஆர்.இ. கணக்கு, இங்குள்ள வாடகை, விளைச்சல் போன்ற வருமானத்திற்கு என்.ஆர்.ஓ. கணக்கு. முன்னதிலுள்ள பணத்தைத் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாம். பின்னதற்கு நிதியாண்டு ஒன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் என்ற வரம்பு உண்டு. வேலைக்காகப் புறப்படும்போது ஊரில் ஏற்கெனவே வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்திக்கொண்டிருத்தல், 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி முறையன்று. வங்கிக்குத் தெரிவித்து அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். நிரந்தரமாக ஊர் திரும்பியதும் அதேபோல் தெரிவிக்க வேண்டும். வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பதும் உடன்படிக்கையைப் பேணுவதில் அடங்கும்.

இதற்காக விடுப்பில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட், விசா அல்லது இக்காமா ஆகியவற்றின் நகல்களில் இந்தியத் தூதரகத்திலோ, நோட்டரியிடமோ, அவ்வங்கியின் வெளிநாட்டுக் கிளையிலோ சான்றொப்பம் பெற்று, முகவரிச் சான்று, பான் கார்டு விவரம், புகைப்படத்துடன் அனுப்பியும் தொடங்கலாம்.

‘நான் அங்கிருக்க, அவசரத்திற்கு வீட்டார் எப்படிப் பணம் எடுப்பார்கள்?’ என்று கேட்பீர்கள். தந்தைக்கோ மனைவிக்கோ அதிகாரக் கடிதம் கொடுத்து உள்ளூர்ச் செலவுகளுக்குக் கணக்கை நடத்தச் செய்யலாம். எடுப்பவர் அவர், உரிமையாளர் நீங்கள். அமானிதத்தின் இலக்கணமே இதுதானே!

‘வங்கி என்றாலே வட்டியாயிற்றே, ஹஜ்ரத்!’ என்று தயங்கும் பேணுதலுள்ள சகோதரர்களும் உண்டு. அவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அச்சத்தால் உண்டியல்காரனிடம் பணத்தைக் கொடுப்பது சட்டத்திற்கும் விரோதம். தகராறு வந்தால் கையில் சான்றும் இராது. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை வட்டியில்லாத நடப்புக் கணக்காகவும் தொடங்கலாம் என்பதைப் பலர் அறியார். கேட்டாலன்றி வங்கியார் சொல்வதுமில்லை. குறைந்தபட்ச இருப்புத் தொகை சற்று அதிகமாயிருக்கக்கூடும் என்பதால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கைத் தவிர வேறு வழியில்லாதவர், அதில் சேரும் வட்டியைத் தனியே கணக்கிட்டு எடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நம் உலமாக்களில் பெரும்பாலோர் கூறும் வழி. அதை ஜக்காத்தில் சேர்க்கவும் கூடாது. தாம் உண்ணவும் கூடாது. என்.ஆர்.இ. வைப்புத் தொகையின் வட்டிக்கு வருமான வரி இல்லை என்று ஆசை காட்டுவார்கள். வட்டியே வேண்டாம் என்பவனுக்கு வட்டிக்கு வரியில்லை என்பது ஒரு கவர்ச்சியா?

கணக்கு உங்கள் பெயரில் வந்ததும் மற்றொரு கடமையும் வந்து சேர்கிறது. சந்திர ஆண்டு ஒன்று நிறைவுற்று, நிஸாபை அடைந்த தொகைக்கு இரண்டரை சதவீதம் ஜக்காத் உங்கள் மீது கடமை. தம்பியின் பெயரில் கிடந்த பணத்திற்கு அண்ணனும் கொடுக்காமல், தம்பியும் கொடுக்காமல் எத்தனை ஆண்டுகளின் ஜக்காத் நம் ஊர்களில் தவறிப்போயிருக்கிறதோ!

இன்னுமொரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். கணக்கில் மனைவியின் பெயரையோ மகனின் பெயரையோ நாமினியாக எழுதிவிட்டால் பணம் முழுவதும் அவருக்கே என்று எண்ணுகிறோம். அவ்வாறன்று. நாமினி என்பவர் வாரிசுகளின் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே என்பதை உச்ச நீதிமன்றம் 1983இல் ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றிலும், 2010இல் வங்கிக் கணக்கு வழக்கொன்றிலும் தெளிவுபடுத்தியுள்ளது. நம் பராயிள் சட்டமும் அதைத்தான் வேண்டுகிறது: முதலில் கடன், பிறகு மூன்றில் ஒரு பகுதிக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியது வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்பன அல்லாஹ் வகுத்த பங்குகள். நாமினியாகப் பணத்தைப் பெறும் மகன், தன் உம்மாவின் பங்கையும் சகோதரியின் பங்கையும் அமானிதமாகவே பெறுகிறான் என்பதை உயிரோடிருக்கும்போதே அவனிடம் சொல்லி வையுங்கள்.

சொல்லி வைக்காதவர்களின் நிலை வேறுவிதம். எந்த வங்கி, எந்தக் கிளை என்று மனைவிக்கும் தெரியாமல் மறைத்து வைத்துவிட்டு, அந்நிய மண்ணிலேயே அடங்கிப் போனவர்கள் உண்டு. பத்து ஆண்டுகள் எவரும் தொடாத கணக்கின் பணம், ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய தனி நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னரும் வாரிசுகள் கோரிப் பெறலாம் என்றாலும், கணக்கு இருப்பதையே அறியாத விதவை எதைக் கோருவாள்? இரவும் பகலும் உழைத்துச் சேர்த்தவரின் பிள்ளை, தந்தையின் பணம் வங்கியில் கிடக்க, படிப்புச் செலவுக்குப் பிறர் வாசலில் நிற்பது எவ்வளவு வேதனை!

சபுராளிச் சகோதரரே! அடுத்த விடுப்பில் ஊர் வரும்போது வாசனைத் திரவியமும் கம்பளியும் கொண்டு வாருங்கள், மகிழ்ச்சி. அதோடு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, மஃரிப் தொழுகைக்குப் பின் வீட்டாரை அமர வைத்துப் பேசுங்கள். இதுவரை அனுப்பிய பணத்தில் எது அன்பளிப்பு, எது அமானிதம் என்று சொல்லுங்கள். இரண்டு சாட்சிகளோடு எழுதிக்கொள்ளுங்கள். கணக்கின் விவரத்தையும் உங்கள் கடன்களின் பட்டியலையும் மனைவியிடம் கொடுங்கள்.

தாய்மார்களே! மகன் தன் பெயரில் கணக்குத் தொடங்குகிறேன் என்று சொன்னால், ‘எங்களை நம்பவில்லையா?’ என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிடாதீர்கள். அவன் பிரித்து வைப்பது பணத்தைத்தான். உங்கள் பிள்ளைகள் ஒருவரோடொருவர் முகம் பார்த்துப் பேசும் நாள்கள் நீள வேண்டும் என்பதற்காகவே அதனைச் செய்கிறான்.

அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.