மண்ணை விட்டுக் கிணற்றைச் சுத்திகரிப்பதா?

சுன்னாகம் வழக்கில் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குடாநாட்டு மக்கள் மறக்கற்பாலதன்று. அங்குள்ள அனல் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்துட் புகுந்து கிணறுகளைக் கெடுத்தமைக்கு, மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டுமென நீதியரசர்கள் விதித்தனர். நிலையத்தைச் சுற்றி 1.5 கிலோமீற்றருக்குள் வாழ்வோரில் 500 பேருக்கு மேற்படாமலும், ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமலும் அத்தொகை பகிரப்படல் வேண்டும் என்பது கட்டளை. தத்தம் கிணறுகளைத் துப்புரவாக்கவே இப்பணம்.

இவ்வழக்கை மன்றுக்குக் கொண்டு சென்றவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ஒருவர். அவருக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள். நம்மிடையே சட்ட வல்லுநர்களுக்கு என்றும் பஞ்சமில்லை. அவர்கள் முந்தியிருக்கலாகாதா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நிற்க. தீர்ப்பை வரவேற்கும் நாம், அதனோடு காரியம் முடிந்ததெனக் கருதுவோமாயின் நம்மை நாமே ஏமாற்றியவராவோம். ஒருவர் 40,000 ரூபாவையும் செலவிட்டுக் கிணற்றை இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவுகின்றார் என வைத்துக்கொள்வோம். மறுநாட் காலையில் அக்கிணற்றில் ஊறும் நீர் எங்கிருந்து வருவது? அதே நிலத்திலிருந்துதான். மேற்காணியின் மண்ணில் எண்ணெய் ஊறியிருக்குமட்டும், ஒவ்வொரு மாரியும் அதனைக் கரைத்தும் அரித்தும் கீழே இறக்கிக்கொண்டேயிருக்கும்.

வலிகாமத்து நிலத்தின் இயல்பைக் கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே செம்பாட்டு மண். பல இடங்களில் நாலைந்து முழம் தோண்டுமுன்னரே சுண்ணக்கல் தட்டுப்படும். அக்கல்லோ வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மணல் நிலம் அழுக்கை ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கல் வெடிப்போ அதனை அப்படியே கடத்திவிடும். எனவேதான் அயற்காணிக் கிணறு தெளிவாயிருக்க, தூரத்துக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதக்கின்றது.

‘நீரையெல்லாம் இறைத்துக் கொட்டிவிட்டாற் போயிற்று’ என்பாரும் உளர். அது பேராபத்து. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில், மாரி தந்த நன்னீர் நிலத்தடியில் உப்பு நீரின்மேல் மிதந்து கிடக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்பு நீரை அது அமுக்கி வைத்திருக்கும். மேலே அந்த ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு அவ்வளவுக்கு எழும். எண்ணெயைப் போக்கப்போய் உவரை வரவழைத்த கதையாக முடியும்.

ஆகவே செய்யத்தக்கது மண்ணிலிருந்து தொடங்குவதேயாகும். முதலில் நிலையக் காணியிலும் சுற்றிலும் துளையிட்டு, எண்ணெய் எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு ஊறியுள்ளதென வரைபடம் தயாரித்தல் வேண்டும். மிகக் கெட்ட மண்ணை அகழ்ந்தெடுத்து, நீர் கசியாத தளத்திற் குவித்து, காற்றும் ஈரமும் உரமும் ஊட்டினால், எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் அதனைச் சிதைக்கும். நீரின்மேல் மிதக்கும் எண்ணெயை மாத்திரம், நீர்மட்டம் இறங்காதவாறு, வழித்தெடுக்கலாம். பின்னர் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, மாரியிலும் கோடையிலும் சோதித்து, முடிவுகளைத் தமிழிலே பகிரங்கப்படுத்தல் வேண்டும். எண்ணெயிலுள்ள பென்சீன் புற்றுநோய் தருவது. கண்ணுக்குத் தெரியாமலே நீரிற் கரைந்து நிற்பது. படலம் மறைந்ததைக் கண்டு மனம் ஆறுதல் மடமை.

இவற்றுக்குப் பணம் யார் தருவது? இங்கேதான் நமது நாடு வழுக்கி விழுகின்றது. 2015இன் தொடக்கத்தில் மக்கள் வீதியில் இறங்கி, பவுசர்த் தண்ணீருக்குக் குடங்களுடன் காத்திருந்த வேளையில், எண்ணெய் எவருடையது, பழையதா புதியதா என்ற வாதமே மேலோங்கி நின்றது. வீடு எரியும்போது தீக்குச்சி யாருடையதென விசாரித்த கதை! லவ் கனால் என்னுங் குடியிருப்பில் புதைத்த இரசாயனக் கழிவு வெளிப்பட்ட பின்னர், ஐக்கிய அமெரிக்கா 1980இல் ஒரு சட்டம் இயற்றியது. அரசு முதலில் நிலத்தைச் சுத்திகரிக்கலாம். செலவைக் குற்றவாளியிடம் பின்னர் அறவிடலாம் என்பது அதன் சாரம். அதே 1980இல் நமது நாட்டிலும் தேசிய சுற்றாடற் சட்டம் நிறைவேறியது. அத்தகைய நிதியொன்றை அது தரவில்லை.

பிறர்மீது குற்றஞ் சாட்டும் நாம் நமது கையையும் பார்த்துக்கொள்ளுதல் முறை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவின்றி வீசும் யூரியாவும், கிணற்றருகே வெட்டும் மலக்குழியும் நீரில் நைத்திரேற்றை ஏற்றுகின்றன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மீறிய கிணறுகள் குடாநாட்டிற் பலவுள. பாற்புட்டியிற் கலக்கும் அந்நீர் பச்சிளங் குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கவொட்டாது தடுக்கும். எண்ணெய் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கமக்காரர் சங்கங்கள் இதனைத் தம் கூட்டங்களில் எடுத்துப் பேசுவதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை.

கொழும்பிற் செய்ய வேண்டியதை வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் செய்யட்டும். நிலச் சுத்திகரிப்புக்கு நிரந்தர நிதியொன்றை நிறுவுஞ் சட்டத்தை அவர்கள் கோருதல் வேண்டும். அதற்கு முன்னோடியாக, சுன்னாகத்து நிலையக் காணியில் எத்தனை அடி ஆழம் வரை எண்ணெய் ஊறியிருக்கின்றது என்ற ஒரேயொரு கேள்வியைச் சபையில் எழுப்பி, எழுத்தில் விடை பெறட்டும்.